இரண்டு விரற்கடை

இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால்
டயர் உள்ளே எதையோ உரசுகிறது,
செங்கல்லைத் தரையில் இழுப்பது போல.
ஆகவே பதினாலு மாதமாக நான்
இடப்பக்கம் முழுக்கத் திரும்புவதில்லை.

கின்டர்ஸ்லியில் எந்தச் சந்து அகலம்,
எந்த பெட்ரோல் பங்கில் வலமாகவே சுற்றி வெளியேறலாம்,
தபால் ஆபீசுக்கு எங்கே முன்கூட்டியே ஒதுங்க வேண்டும்,
எல்லாம் மனப்பாடம்.
மேலிருந்து யாராவது பார்த்திருந்தால்
இந்த ராக்சேனுக்கு என்ன வேண்டுதலோ,
ஊரையே வலம் வருகிறாள் என்றிருப்பார்.

சக்கரங்கள் வேறொரு பிக்கப்பினுடையவை.
ஏலத்தில் நானூறு டாலர், நாலும் சேர்த்து.
பனியைக் கடிக்க நல்ல பல்.
துளை ஆறும் பொருந்தியது,
மற்றது எதுவும் பொருந்தவில்லை.

இப்போது சமையல் மேசைமேல்
இரண்டு அலுமினிய வளையங்கள்.
ஒன்றின்மேல் சூப் பாத்திரம் உட்கார்ந்திருக்கிறது.
தடிமன் இரண்டு விரற்கடை.
போடவா, வேண்டாமா.

டார்சி சொன்னான்: போடு.
எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும் வண்டிகளில் பாதி
இதில்தான் ஓடுகின்றன.
அவன் போட்டு ஆறு வருஷம்.
பிறகு, அவனாகவே, கொஞ்சம் மெதுவாக:
ஒருமுறைதான்.
ஒருமுறை நேர்ச்சாலையில் போகும்போது
ஒரு சக்கரம் இவனை முந்திக்கொண்டு போயிருக்கிறது.
யாருடையதோ என்று வேடிக்கை பார்த்திருக்கிறான்.
அது பாதையை விட்டிறங்கி
கனோலாப் பூவுக்குள் வெகுதூரம் உருண்டு
மஞ்சளில் மறைந்தது.
பிரேக்கை மிதித்ததும்
வண்டி ஒரு பக்கமாக மண்டியிட்டது.
நட்டை முடுக்காதது என் தப்பு,
ஸ்பேசர் என்ன செய்யும், என்றான்.
குடிகாரன் புட்டிக்கு வக்காலத்து வாங்குவது போலிருந்தது.

மிரோன் வாயால் எதுவும் சொல்லவில்லை.
ஐந்து லிட்டர் ஆயில் கேனைக் கொடுத்து
மார்போடு அணைத்துக்கொள் என்றான்.
அணைத்தேன்.
இப்போது கையை நீட்டிப் பிடி.
பிடித்தேன்.
அவன் போனை எடுத்து
பார்ட்ஸ் கடைக்காரனிடம்
மச்சானின் முழங்கால் ஆபரேஷன் பற்றிப் பேச ஆரம்பித்தான்.
தோள் எரிந்தது. மணிக்கட்டு ஆடியது.
கேன் அதே கேன்தான்.
போனை வைத்துவிட்டு
என் தோளைத் தொட்டு, "உன் பேரிங்" என்றான்.

வேறு சக்கரம் வாங்கலாமே என்பீர்கள்.
இந்த வருஷம் மசூர்ப் பருப்பு என்ன விலைக்குப் போனது
என்று தெரிந்தவர் கேட்கமாட்டார்.

பிப்ரவரியில் ஒருநாள்
வலப்பக்கத் தெருவிலிருந்து
தண்ணீர் லாரி சறுக்கிக்கொண்டு வந்தது.
நான் ஒடித்திருக்க வேண்டியது இடப்பக்கம்.
கை தயங்கியது.
பதினாலு மாதம் நான் பழக்கிய கை.
லாரி அதன் இஷ்டத்துக்கு விலகிப் போயிற்று.
நான் நடுச்சந்தியில் நின்றுகொண்டு
உரசாத டயரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு சூப் பாத்திரத்தை இறக்கி வைத்தேன்.
ஹப்பின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தேன்,
வளையம் இடுக்கில்லாமல் உட்காரும்வரை.
நட்சத்திரம் போடுவது போல் எதிரெதிராக
உள்ளே ஆறு நட்டு, மேலே ஆறு.
டார்க் ரெஞ்ச் ஒவ்வொன்றுக்கும் 'க்ளிக்' என்றது.
முற்றத்தில் இடப்பக்கம் முழுக்கத் திருப்பினேன்.
சத்தமே இல்லை.
மூன்று சுற்று சுற்றினேன்,
வெட்டியாக டீசலை எரித்து.

எண்பது கிலோமீட்டரில் நிறுத்தி
மறுபடி முடுக்கச் சொல்லியிருந்தது தாளில்.
மறுநாள் ரோஸ்டவுனுக்குச் சற்று முன்னால் ஒதுங்கினேன்.
மைனஸ் இருபத்தேழு.
உள்நட்டைத் தொட வேண்டுமானால்
சக்கரத்தையே கழற்ற வேண்டும். கழற்றினேன்.
ஒரு பக்கம் ஆறும் அசையவில்லை.
மறுபக்கம் ஐந்து அசையவில்லை.
ஆறாவது, கால் சுற்று போனது.

தளர்ந்ததா, குளிரில் இரும்பு சுருங்கியதா,
நேற்று என் கைதான் பாதியில் தூங்கிற்றா.
க்ளிக்.
இன்னொரு தரம் வைத்துப் பார்த்தேன்.
க்ளிக்.

சாஸ்கட்டூன்வரை
என்னை முந்திப்போன ஒவ்வொன்றையும்
முதலில் சக்கரமா என்று பார்த்துவிட்டு
பிறகுதான்
வண்டி என்று நம்பினேன்.